மலைக்குப் போறதுக்கு முன்னாடி லாசரேத்துக்குப் போங்க: வாசகர் கேள்வி பதில்

மழை அடங்கி குளிர் ஆரம்பிக்குது, மே மாசத்துலேருந்து அக்டோபர் வரைக்கும் இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற நம்ம ரீயூனியன் தீவுல நடக்கவும் ஏறவும் இதவிட நல்ல காலம் கிடையாது, அதனால இந்த தடவ வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாமே ஊர் சுத்திப் பாக்கறதப் பத்தித்தான். முடிஞ்ச வரைக்கும் எழுதியிருக்கேன்.

கேள்வி (வாசகி, காரைக்கால்): அக்கா, மகளும் மாப்பிள்ளையும் சேன் தெனில இருக்காங்க, ஜூலைல வர்றோம். எரிமலை, பீச், கடைத்தெருன்னு மாப்பிள்ளை லிஸ்ட் போட்டு வச்சிருக்காரு. எங்க வீட்டுக்காரருக்கு சரித்திரம்னா உயிரு, ஆனா கண்ணாடிப் பொட்டி முன்னாடி நின்னு படிச்சிட்டு வர்றதுல அவருக்கு திருப்தி இல்ல. அவருக்குன்னு ஏதாவது இருக்கா?

பதில்: இருக்கும்மா, அதுவும் உங்க மக வீட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு. மாப்பிள்ளையோட லிஸ்ட்ல முதல் எடத்துல கிராந்த் ஷாலூப்னு எழுதச் சொல்லுங்க. சேன் தெனிக்கும் லா பொசெஸியோனுக்கும் நடுவுல மலை கடலுக்குள்ள எறங்குற எடத்துல ஒரு சின்ன பள்ளத்தாக்கு. அங்கதான் லாசரேத் இருக்கு. பாண்டிச்சேரி, காரைக்கால்லேருந்து கப்பல் ஏறி வந்த நம்ம ஜனங்கள ஊருக்குள்ள விடாம, காலரா, அம்மை இருக்கான்னு பாத்து நாள் கணக்கா ஒதுக்கி வச்ச கட்டடம். 1848ல இங்க அடிமைத்தனம் ஒழிஞ்சப்புறம் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு ஒப்பந்தக் கூலியா கொண்டுவந்தாங்க, 1860ல பிரிட்டிஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் ஒப்பந்தம் போட்டப்புறம் இன்னும் வேகமா கப்பல் வந்துச்சு, 1882ல அது நின்னுச்சு. காரைக்கால்லேருந்து வர்ற உங்களுக்கு இத நான் தனியா சொல்லணும்னு இல்ல, உங்க தெருவுலயே யாரோ ஒருத்தரோட கொள்ளுத்தாத்தா தம்பி இந்தக் கப்பல்ல போயி திரும்பி வராமப் போயிருப்பாரு.

கட்டடத்த பழுது பாத்து நல்லா வச்சிருக்காங்க. ஆனா உள்ள பாத்துட்டு அப்படியே கார்ல ஏறிடாதீங்க. அங்கேருந்து ரெண்டு பக்கமும் மலை மேல ஏறுற பழைய கல் பாதை ஒண்ணு இருக்கு, ஷெமென் தேஸாங்லேன்னு சொல்லுவாங்க, இங்கிலீஷ்காரங்க பாதை. கருங்கல்ல பாவுன ரோடு, 18ம் நூற்றாண்டுல போட்டது, இப்பவும் அந்தக் கல்லு மேலதான் நடக்கறோம். 1810 ஜூலைல பிரிட்டிஷ் படை இந்தத் தீவப் பிடிக்க வந்து எறங்கின எடங்கள்ல கிராந்த் ஷாலூப்பும் ஒண்ணு. அந்தப் படையில மெட்ராஸ் ராணுவத்து சிப்பாய்ங்களும் இருந்தாங்க. கூலிக் கப்பல் வர்றதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே துப்பாக்கி தூக்கிட்டு தமிழ் பேசுற ஆளுங்க இந்த மண்ணுல கால் வச்சிருக்காங்கன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, அவரு அந்தக் கல்லு மேலயே உக்காந்துருவாரு. 1815ல தீவு திரும்ப பிரான்ஸ் கைக்குப் போயிடுச்சு.

லா பொசெஸியோன் பக்கத்துலேருந்து ஏறி கிராந்த் ஷாலூப்ல எறங்குறது ஒரு காலைப் பொழுதுக்கு சரியா இருக்கும். மேற்குப் பக்கம்கறதால வெயில் கடுமையா இருக்கும், மரம் கம்மி, விடிஞ்ச உடனே கெளம்பிடுங்க, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணி. மழை பேஞ்சிருந்தா கல்லு வழுக்கும், செருப்போட போகாதீங்க. கீழ பழைய ரயில் ஸ்டேஷனும் கொஞ்சம் தண்டவாளமும் இருக்கு, அதையும் பாருங்க. இப்ப 2022ல தெறந்த 5,400 மீட்டர் கடல் பாலம் சேன் தெனிலேருந்து வந்து இந்த கிராந்த் ஷாலூப்லதான் கரையேறுது, தெனமும் ஆயிரக்கணக்கான வண்டி வேகமா போகுது, தமிழ்ப் பேரு வச்சவங்க எத்தனை பேரு அந்த வண்டிங்கள்ல உக்காந்துக்கிட்டு திரும்பிக்கூட பாக்காம போறாங்க, எனக்கு அது மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கு.

விசா விஷயம் ஒண்ணு: ரீயூனியன் பிரான்ஸ்தான், ஆனா ஷெங்கன் ஏரியாவுக்குள்ள வராது. பாரீஸ் போயிட்டு வந்த விசா கையில இருக்குன்னு நம்பி டிக்கெட் போட்டுடாதீங்க, பாண்டிச்சேரி பிரெஞ்சு கான்சுலேட்ல முன்கூட்டியே கேட்டுக்குங்க.

கேள்வி (மாணவர், லெ தாம்போன்): அக்கா, நான் பாண்டிச்சேரிலேருந்து படிக்க வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. ஃபிரண்ட்ஸோட மஃபாத் போகணும். அங்க ரோடே இல்லன்னு சொல்றாங்க, நெஜமாவா? எப்படிப் போறது, ஹெலிகாப்டர்ல சுத்திக் காட்டுறாங்களே அதுல போனா போதுமா?

பதில்: தம்பி, நெஜம்தான். இந்தத் தீவோட நடுவுல மூணு பெரிய பள்ளம் இருக்கு, சலாஸி, சிலாவோஸ், மஃபாத், சுத்தியும் செங்குத்தா மலைச்சுவர். மத்த ரெண்டுக்கும் ரோடு உண்டு, மஃபாத்துக்கு கிடையாது. நூத்துக்கணக்கான பேரு உள்ள குடியிருக்காங்க, பள்ளிக்கூடம் இருக்கு, சின்ன கடை இருக்கு, கரண்ட்டு சோலார்ல, அரிசி, கேஸ் சிலிண்டர், சிமெண்ட்டு எல்லாம் ஹெலிகாப்டர்ல வருது. ஆளுங்க நடந்துதான் வரணும் போகணும். இவ்ரேன் பொசேன்னு ஒரு தபால்காரர், 1951லேருந்து 40 வருஷம் கடுதாசி மூட்டைய முதுகுல கட்டிக்கிட்டு இந்த மலையெல்லாம் நடந்தே கொடுத்துட்டு வந்தாரு. இங்க வயசானவங்ககிட்ட அவரு பேரச் சொல்லிப் பாருங்க, முகமே மாறும்.

அங்க மொதல்ல போயி வாழ்ந்தது யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. தோட்டத்துலேருந்து தப்பிச்ச அடிமைங்க, இங்க மரோன்னு சொல்லுவாங்க. 1723ல வந்த சட்டப்படி ஓடிப்போயி பிடிபட்டா முதல் தடவ காத அறுத்து தோள்ல சூடு போடுவாங்க, ரெண்டாவது தடவ கால் நரம்ப வெட்டுவாங்க, மூணாவது தடவ மரண தண்டனை. அது தெரிஞ்சும் ஓடுனாங்க, தீவுல இதவிட உள்ள போக முடியாதுங்கற எடத்துக்கு ஓடுனாங்க. மஃபாத்தே அப்படி ஒரு தலைவரோட பேருதான், ஃபிரான்ஸுவா முஸார்னு ஒரு ஆள்வேட்டைக்காரன் 1751ல அவரக் கொன்னான். நீங்க ஏறப்போற பாதை உங்களுக்கு ட்ரெக்கிங், அவங்களுக்கு அது உயிரு.

அதனால ஹெலிகாப்டர் வேணாம்னுதான் சொல்லுவேன். அழகா தெரியும், இல்லன்னு சொல்லல, நடக்கவே முடியாதவங்களுக்கு அது ஒரு வழி. ஆனா 20 வயசுப் பையன் மேலேருந்து எட்டிப் பாத்துட்டு வந்தா மஃபாத்துல போனதா ஆகாது. கீழ இருக்கிறவங்களுக்கு அந்தச் சத்தம் தெனமும் தலைவலி வேற.

முதல் தடவைக்கு சலாஸி பக்கம் கோல் தே பே கணவாய் வழியா எறங்குங்க, அதுதான் இருக்கறதுலயே லேசு. மரமெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு நிக்கிற தாமரேன் சமவெளியத் தாண்டி 2 மணி நேரத்துல லா நூவெல் கிராமம் வந்துரும். அன்னிக்கே திரும்பாதீங்க. ஒரு ராத்திரி ஜீத்ல தங்குங்க, அங்க குடும்பம் நடத்துற தங்குற எடம்தான் ஜீத்து, சாயங்காலம் எல்லாரையும் ஒரே மேசையில உக்காரவச்சு சோறு, பருப்பு, கரிங்கற குழம்பு, ருகாய் போடுவாங்க, ருகாய்னா நம்ம தொகையல் மாதிரி காரமா ஒண்ணு. அந்த மேசையிலதான் கதை வரும், இங்க பேசுற க்ரெயோல் மொழி அரைகுறையாப் புரிஞ்சாக்கூட கேளுங்க. முன்கூட்டியே ரிசர்வ் பண்ணாம போகக்கூடாது, பள்ளிக்கூட லீவுல எடமே கிடைக்காது. மறுநாள் காலையில தெம்பு இருந்தா மார்லா வரைக்கும் போயிட்டு வாங்க, இன்னும் நல்லா நடக்கறவங்க த்ருவா ரோஷ் அருவி தாண்டி ரோஷ் ப்லாத் வரைக்கும் போவாங்க.

காலைல 6 மணிக்கெல்லாம் நடக்க ஆரம்பிக்கணும் தம்பி, இதுல சமாதானமே கிடையாது. 10, 11 மணிக்கு மேகம் ஏறி பள்ளத்த மூடிரும், குளிர்காலத்துல சாயங்காலம் 6 மணிக்குள்ள இருட்டிரும். நல்ல பிடிப்பு உள்ள ஷூ, மழைக்கோட்டு, டார்ச்சு, கொஞ்சம் ரொக்கம், ஏன்னா எல்லா எடத்துலயும் கார்டு எடுக்காது. நீங்க கொண்டுபோன குப்பைய நீங்களே தூக்கிட்டு வாங்க, அங்க விட்டா அதையும் ஹெலிகாப்டர்லதான் வெளிய எடுக்கணும். பாதைய மூடியிருக்காங்கன்னு போர்டு வச்சிருந்தா தாண்டிப் போகாதீங்க, கல்லு சரியுற மலை இது.

கேள்வி (தாயார், சேன் பியேர்): பையனுக்கு 12 வயசு. பித்தோன் தே நேஜ் உச்சிக்குப் போயி சூரிய உதயம் பாக்கணும்னு அடம் பிடிக்கிறான். கூட்டிட்டுப் போலாமா?

பதில்: நடந்து பழகின பையனா இருந்தா போலாம்மா, முதல் மலையே இதுவா இருக்கக்கூடாது. 3,070 மீட்டர், இந்தியப் பெருங்கடல் தீவுங்கள்லயே பெரிய உச்சி. சிலாவோஸ் பக்கம் லெ ப்ளோக்லேருந்து ஏறுனா ஜீத் வர்றதுக்கே 1,000 மீட்டருக்கு மேல ஏறணும், படிக்கட்டு மாதிரி ஒரே ஏத்தம், அங்க தூங்கிட்டு ராத்திரி 3 மணி வாக்குல எழுந்து டார்ச்ச தலையில கட்டிக்கிட்டு இன்னும் 600 மீட்டர். ஜூலை, ஆகஸ்ட்ல மேல பூஜ்யம் டிகிரிக்கு வந்துரும், சில நாள் பனி உறைஞ்சு கெடக்கும். நம்ம ஆளுங்க குளிர லேசா எடுத்துக்கறாங்க, கீழ சேன் பியேர்ல டீஷர்ட்டோட சுத்துறோமேன்னு. கம்பளி தொப்பி, கையுறை, மாத்து சாக்ஸ் கட்டாயம். எறங்குறதுதான் முழங்கால ஒடைக்கும், அதுக்கு தெம்ப மிச்சம் வைக்கணும்.

முன்னாடி ரெண்டு மூணு தடவ பெலூவ் காட்டுக்கு கூட்டிட்டுப் போயிப் பாருங்க, த்ரூ தெ ஃபேர் பள்ளத்த எட்டிப் பாக்கற எடம் வரைக்கும். சேறா இருக்கும், ஏத்தம் ஜாஸ்தி இல்ல. அதுல முகம் சுளிக்காம வந்தான்னா பெரிய மலைக்கு ரெடி. பெரிய மலையிலேருந்து எறங்கித் திரும்பி வரும்போது சிலாவோஸ்ல வெளையுற பருப்பு ஒரு பாக்கெட் வாங்கிக்குங்க, விலை ஜாஸ்திதான், குடுக்கலாம்.

கேள்வி (வாசகர், பாரீஸ்): டிசம்பர் கடைசில ரீயூனியன் வர்றேன். தீமிதி பாக்கணும், நல்லா போட்டோ எடுக்கணும். டிக்கெட் உண்டா? நானும் இறங்கி நடக்கலாமா?

பதில்: டிக்கெட்டெல்லாம் கிடையாதுங்க ஐயா, கோயில் அது. சேந்த் ஆந்த்ரே, சேன் பியேர்னு பல ஊர்க் கோயில்கள்ல வருஷக் கடைசியையும் புது வருஷத்தையும் ஒட்டி நடக்கும், எந்தக் கோயில்ல எந்தத் தேதின்னு அங்கயே விசாரிச்சுக்கணும். பாக்க யார் வந்தாலும் மரியாதையா நிக்க வைப்பாங்க.

இறங்கி நடக்கிறது வேற விஷயம். இங்க 18 நாள் கரேம் இருக்கணும், நம்ம விரதம்தான், கவுச்சி கிடையாது, குடி கிடையாது, கோயிலோடவே இருக்கணும். அந்த நாள் முழுக்க வாத்தியார் பாரதம் படிப்பாரு, தமிழ்ல படிச்சு க்ரெயோல்ல விளக்கம் சொல்லுவாரு. திரௌபதி அம்மன இங்க பாண்டியாலேன்னு கூப்பிடுறாங்க. விழுப்புரம், கடலூர் பக்கம் நீங்க பாத்திருக்கிற அதே கூத்து, அதே கல்யாணம், அதே குண்டம். நெருப்புல தோலக் காய்ச்சி அடிக்கிற தப்புச் சத்தம் கேட்டா உங்களுக்கு ஊரு ஞாபகம் வந்துரும். வீட்டுல தமிழ் பேசி எத்தனையோ தலைமுறை ஆச்சு, பேருக்கு முன்னாடி ழானு, மரினு பாதிரியார் வச்ச பேரு ஒண்ணு இருக்கும், தோட்டக்காரன் காலத்துல அப்படி வச்சாத்தான் காரியம் ஆகும்னு இருந்துச்சு, ஆனாலும் ஒரு வரி விடாம பாரதத்த காப்பாத்தி வச்சிருக்காங்க. நம்மள்ல சில பேரு இங்க வந்து இவங்க உச்சரிப்பு சரியில்ல, முறை சரியில்லன்னு பேசுறத நான் கேட்டிருக்கேன். தயவுசெஞ்சு அப்படிப் பேசாதீங்க. வெள்ளைக்காரன் தோட்டத்துல நாள் பூரா கரும்பு வெட்டிட்டு ராத்திரில உக்காந்து பாடம் பண்ணி பிள்ளைங்களுக்குக் குடுத்தது இது, அதுக்கு முன்னாடி கையக் கட்டிக்கிட்டு நிக்கிறதுதான் நமக்கு அழகு.

போட்டோ எடுக்கணும்னா பூசாரியக் கேட்டுட்டு எடுங்க. சாமி வந்தவங்க முகத்துக்கு நேரா கேமராவ நீட்டாதீங்க. அன்னிக்கு மாட்டுக்கறி, கவுச்சி சாப்ட்டுட்டு கோயிலுக்குள்ள போகக்கூடாது, தோல் பெல்ட்டு, பர்ஸ வண்டியிலயே வச்சிருங்க. குண்டம் எறங்கறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும், அந்த நேரத்துல பக்கத்துல நிக்கிற பாட்டிகிட்ட பேசுங்க, நீங்க பாண்டிச்சேரின்னு சொன்னா உங்கள விடமாட்டாங்க.

டிசம்பர்னு சொன்னதால இன்னொண்ணு: 20ம் தேதிக்கு முன்னாடி வந்துருங்க. 1848ல அதே நாள் பிரான்ஸ் அனுப்புன ஆணையர் சர்தா கரிகா அடிமைத்தனம் ஒழிஞ்சதுன்னு அறிவிச்சாரு, ஏறக்குறைய 62,000 பேரு விடுதலை ஆனாங்க. தீவு முழுக்க லீவு, தெருவெல்லாம் மலோயாப் பாட்டு. கரும்புப் பூவோட தண்டுல செஞ்சு உள்ள விதை போட்ட கயாம்ப குலுக்கிக்கிட்டு, ரூலேர் மத்தளத்து மேல உக்காந்து அடிச்சுக்கிட்டு பாடுவாங்க. அடிமைங்களோட பாட்டுங்க அது, ஒரு காலத்துல அதிகாரிங்க வெளிய பாட விடாம அடக்கி வச்சது, 2009ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு. மலோயாவையும் கேட்டு தீமிதியும் பாத்தீங்கன்னா இந்தத் தீவ பாதிக்கு மேல புரிஞ்சுக்கிட்டீங்க.

கேள்வி (வாசகர், சேந்த் சூசான்): என் தமிழ்ல தப்பு இருந்தா பொறுத்துக்குங்க அக்கா, பெரியவனானப்புறம் கத்துக்கிட்டது. என் பிள்ளைங்க நம்ம எங்கேருந்து வந்தோம்னு கேக்குறாங்க. எங்க கூட்டிட்டுப் போறது?

பதில்: உங்க கடுதாசிய ரெண்டு தடவ படிச்சேன் தம்பி, தமிழ் நல்லாவே இருக்கு. வீட்டுல பழைய பேப்பர் ஏதாவது இருக்கான்னு தேடுங்க, கூலியா வந்தவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு மாத்ரிக்யூல் நம்பர், அதாவது பதிவு நம்பர் குடுத்திருப்பாங்க. அந்த நம்பரோ, தாத்தாவோட அப்பா பேரோ இருந்தா சேன் தெனில இருக்கிற ஆர்ஷீவ் தெபார்த்மெந்தால்ங்கற ஆவணக் காப்பகத்துல போயி கேளுங்க. பழைய பிறப்பு, கல்யாணம், சாவுப் பதிவுங்க பிரான்ஸோட கடல்கடந்த நாட்டு ஆவணக் காப்பக வெப்சைட்லயும் இருக்கு, வீட்டுல உக்காந்தே பாக்கலாம். பிள்ளைங்களையே தேட விடுங்க, பேர எழுத்தர் காதுல விழுந்தபடி கன்னாபின்னான்னு எழுதியிருப்பாங்க, அதக் கண்டுபிடிக்கிறது அவங்களுக்கு பிடிக்கும்.

ஜூலைலேருந்து டிசம்பர் வரைக்கும் கரும்பு வெட்டு, உங்க ஊருக்குப் பக்கத்துலயே புவா ரூழ் ஆலை ஓடுது, சுத்திக் காட்டுவாங்க, ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க. தீவு முழுக்க இருந்த ஆலைங்கள்ல இப்ப அதுவும் லெ கோலும்தான் மிச்சம். சேன் லே பக்கம் ஸ்தெல்லா மத்துத்தினா, 1978ல மூடுன ஆலை, இப்ப மியூசியம், அந்த மெஷினுங்களுக்கு பக்கத்துல நின்னா பிள்ளைங்களுக்கு அளவு புரியும்.

உங்க ஊர்க் கதை ஒண்ணையும் சொல்லிக் குடுங்க. எத்மோன் அல்பியூஸ், சேந்த் சூசான்ல பொறந்த அடிமைப் பையன். மெக்ஸிகோலேருந்து வந்த வனிலாக் கொடி இங்க பூக்கும், காய்க்காது, ஏன்னா அதுக்குத் தகுந்த பூச்சி இங்க இல்ல. 1841ல 12 வயசுல இந்தப் பையன் ஒரு சின்ன குச்சியால பூவுக்குள்ள இருக்கிற சவ்வத் தூக்கி விரலால அழுத்தி மகரந்தம் சேத்துட்டான். இன்னிக்கும் உலகம் பூரா வனிலாவுக்கு அதே கைவேலைதான், பூ ஒரு காலைப் பொழுதுதான் விரிஞ்சிருக்கும், அதுக்குள்ள ஒவ்வொண்ணா பண்ணணும். தீவே பணக்காரத் தீவாச்சு, அவரு 1880ல ஏழையா செத்தாரு. பூக்குற காலத்துல ப்ரா பனோன் பக்கம் வனிலாத் தோட்டத்துக்குப் போனா பிள்ளைங்க கையிலயே குச்சியக் குடுத்து செஞ்சு பாக்கச் சொல்லுவாங்க.

கேள்வி (வாசகி, சேன் தெனி): எரிமலை வெடிக்கும்போது கிட்டப் போயி பாக்கலாமா? கடல்ல எங்க குளிக்கலாம்?

பதில்: ஃபூர்னேஸ் அடிக்கடி பொங்குற எரிமலை. பொங்க ஆரம்பிச்ச உடனே எரிமலையச் சுத்தியிருக்கிற உள் வட்டத்துக்குப் போற வழிய மூடிருவாங்க, மேல பா தெ பெல்கோம்ப்லேருந்து தூரத்துல தெரிஞ்சா பாக்கலாம், போலீஸ் சொல்ற எடத்தோட நில்லுங்க. சும்மா இருக்கும்போது அங்கேருந்து படியில எறங்கி லாவா மேலயே நடக்கலாம். கீழ பித்தோன் சேந்த் ரோஸ்ல 1977ல லாவா ஊருக்குள்ள வந்து மாதா கோயில சுத்திக்கிட்டுப் போயி நின்ன எடத்தயும் பாருங்க.

கடல்ல லகூனுக்குள்ள, அதாவது பவளப்பாறைக்கு உள்பக்கம் இருக்கிற ஆழம் கம்மியான தண்ணில மட்டும்தான், லெர்மிதாஜ், லா சலின் பக்கம், இல்லன்னா காவலுக்கு ஆள் நிக்கிற எடம். 2011லேருந்து சுறா தாக்கி உயிர் போயிருக்கு, அதுக்கப்புறம்தான் மத்த எடத்துல தடை போட்டாங்க. ஆறு கடல்ல சேர்ற எடம், கலங்கின தண்ணி பக்கம் கால்கூட வைக்காதீங்க. குளிர்காலத்துல திமிங்கிலம் குட்டி போட வரும், கரையிலேருந்தே தெரியும்.

கேள்வி (வாசகர், ரோஸ் ஹில், மொரீஷியஸ்): எங்க ஊர்லயே லெ மோர்ன் மலையும் ஆப்ரவாசி காட்டும் இருக்கு. சனி ஞாயிறு மட்டும் ரீயூனியன் வந்தா எதப் பாக்கலாம்?

பதில்: ரெண்டையும் பாத்தவரா இருந்தா உங்களுக்கு இங்க எல்லாம் சட்டுனு புரியும் ஐயா. லெ மோர்ன் ஓடிப்போனவங்க ஒளிஞ்ச மலை, ஆப்ரவாசி காட் கூலிங்க எறங்கின படி, இங்கயும் அதே ரெண்டு கதைதான், மலை மட்டும் பெருசு. ஃப்ளைட்டு முக்கால் மணி நேரம். சனிக்கிழமை ஏர்போர்ட்லேருந்து கார எடுத்துக்கிட்டு நேரா சலாஸி போங்க, வழியில வுவால் தெ லா மரியே அருவி, எல்பூர்ல பழைய க்ரெயோல் வீடுங்க, அங்கயே ராத்தங்கல். எதிர்க்க தனியா நிக்கிற மலைதான் ஆன்ஷேன், ஆன்ஷேனும் ஏவாவும் தோட்டத்துலேருந்து தப்பிச்சு வந்து பிள்ளைகுட்டியோட வாழ்ந்ததா சொல்ற மலை, அந்தக் கதைய தங்குற வீட்டுல கேளுங்க, ஒவ்வொரு வீட்டுலயும் முடிவ வேற மாதிரி சொல்லுவாங்க. ஞாயித்துக்கிழமை காலைல கிராந்த் ஷாலூப், மத்தியானம் கோயில் எதுலயாவது பூசை இருந்தா வாழையிலை சாப்பாடு, சாயங்காலம் ஃப்ளைட்டு. ஞாயித்துக்கிழமை பஸ் கம்மி, அதனாலதான் கார் சொன்னேன். சலாஸி ரோடு பெரிய மழை பேஞ்சா மண் சரிஞ்சு மூடிரும், கெளம்புறதுக்கு முன்னாடி ரோடு தெறந்திருக்கான்னு பாத்துக்கிட்டு வாங்க.